படுத்தா போதும், கால் துடிக்க ஆரம்பிச்சிடுது டாக்டர்!

தூக்கம் பத்தி கேள்வி அனுப்புங்கன்னு சொன்னதுக்கு வந்த கடிதங்கள்ல பெரும்பாலானது கடைசியில கால்லதான் வந்து நிக்குது. எல்லாரும் "சும்மா இருக்கும்போது கால் துடிக்குது"ன்னுதான் ஆரம்பிக்கிறாங்க, ஆனா முழுசா படிச்சுப் பாத்தா ஒருத்தருக்கு தோலுக்கு அடியில சதை மட்டும் துள்ளுது, இன்னொருத்தருக்கு முழுக்காலும் உதைக்குது, வேற ஒருத்தருக்கு வெளிய எதுவுமே தெரியல ஆனா காலை அசைக்காம படுத்திருக்க முடியல. மூணும் வேற வேற, வைத்தியமும் வேற. அதனால இந்த தடவை கால் மட்டும்தான்.

கேள்வி: எனக்கு 31 வயசு, நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னாடி வேலை. ரெண்டு மாசமா படுத்தாலோ சேர்ல சாய்ஞ்சு உக்காந்தாலோ ஆடுசதை பொடக் பொடக்னு துள்ளுது, கண்ணாலயே பாக்க முடியுது. வலி இல்ல. நடந்தா தெரியல. நெட்ல தேடிப் பாத்தா ஏஎல்எஸ்னு, சதையை இயக்குற நரம்பு செல்களே அழியிற ஒரு நோயைக் காட்டுது, அதுலேர்ந்து தூக்கமே போச்சு. இப்ப தொடை, கண் இமைன்னு எல்லா இடத்துலயும் துடிக்குது. எனக்கு என்ன டாக்டர்?

முதல்ல ஒரு நல்ல செய்தி. வலி இல்ல, நடை நல்லாருக்கு, பலம் குறைஞ்சதா நீங்க ஒரு வார்த்தைகூட எழுதல, துடிப்பு ஒரு இடத்துல நிக்காம ஊர் சுத்துது. இப்படி இருக்குறது பெரும்பாலும் கெடுதல் இல்லாத துடிப்புதான். இதுக்கு ஃபாசிகுலேஷன்னு பேர். முதுகுத்தண்டுல இருந்து கிளம்புற ஒரு நரம்பு செல் ஆடுசதை மாதிரி பெரிய சதையில நூத்துக்கணக்கான நார்களை, சில சமயம் ஆயிரத்துக்கும் மேல, தன் கட்டுப்பாட்டுல வெச்சிருக்கும். மூளை எதுவும் சொல்லாமலேயே அந்த நரம்பு தானா ஒரு சிக்னல் விட்டுச்சுன்னா அந்த நார்க்கட்டு மொத்தமும் ஒரே நேரத்துல சுருங்கி விடும், அதைத்தான் நீங்க துள்ளலா பாக்குறீங்க. கால் நகராது, சதை மட்டும் ஆடும். நடக்கும்போது அதே சதை வேலை பாக்குறதால இது வெளிய தெரியாது, சும்மா இருக்கும்போதுதான் தெரியும்.

ஆரோக்கியமா இருக்குற நிறைய பேருக்கு இது வரும், எனக்கும் வரும், கவனிக்கிறவங்கதான் கம்மி. தூக்கம் கெட்டா, காபி ஜாஸ்தியானா, ரொம்ப நாள் கழிச்சு திடீர்னு ஓடினா, மனசு பதட்டத்துல இருந்தா அதிகமாகும். ஆஸ்துமாவுக்கு எடுக்குற சால்பியூட்டமால் பம்ப், மூக்கடைப்புக்கு எடுக்குற சூடோஎஃபெட்ரின் இதெல்லாம்கூட தூண்டி விடும். தைராய்டு அதிகமா சுரந்தாலும், ரத்தத்துல கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம் கொறைஞ்சாலும் வரலாம், அதனால இதுக்கான ரத்த டெஸ்ட் ஒரு தடவை பாத்துக்கிறது நியாயம்.

இப்ப அந்த பயத்துக்கு வருவோம். ஏஎல்எஸ்ல சதை துடிக்கும், பொய் இல்ல. ஆனா அந்த நோய்ல ஒருத்தரை டாக்டர்கிட்ட கொண்டு போறது பெரும்பாலும் துடிப்பு இல்ல, பலவீனம். சட்டை பட்டன் போட முடியல, பாதம் தொங்கி தரையில தட்டுது, பேச்சு குழறுது, சாப்பாடு புரையேறுது, ஒரு பக்கத்து சதை கண்ணுக்குத் தெரியிற மாதிரி மெலியுது, இப்படித்தான் கதை ஆரம்பிக்கும். அமெரிக்காவுல மேயோ கிளினிக் டாக்டர்கள், டெஸ்ட்ல கெடுதல் எதுவும் தெரியாம துடிப்பு மட்டும் இருந்த 121 பேரை வருஷக்கணக்கா கவனிச்சு 1993ல எழுதினாங்க, அதுல ஒருத்தருக்குக்கூட ஏஎல்எஸ் வரல. இதுல ஒரு வேடிக்கை என்னன்னா, இந்த பயத்தோட நரம்பு டாக்டரைத் தேடி வர்றவங்கள்ல டாக்டர்களும் மெடிக்கல் காலேஜ் பசங்களும் கணிசமா இருக்காங்க. பாதி தெரிஞ்சா வர்ற பயம் ஒண்ணுமே தெரியாதவங்களுக்கு வர்றதில்ல.

வீட்டுல ஒரே ஒரு தடவை இதைச் செஞ்சு பாருங்க. ஒத்தைக்கால்ல நின்னு, செவுத்தை லேசா பிடிச்சுக்கிட்டு, குதிகாலைத் தூக்கி முன்பாதத்துல பத்து தடவை எழும்புங்க, அப்புறம் ரெண்டு குதிகால்லயும் மட்டும் நின்னு நாலு எட்டு நடங்க. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி முடிஞ்சா சந்தோஷம், அதோட விட்டுடுங்க. ஒரே தடவைன்னு சொன்னதுக்குக் காரணம் இருக்கு. பயந்தவங்க இதை தினமும் இருவது தடவை செஞ்சு பாப்பாங்க, சதை அசந்து போய் இன்னும் துடிக்கும், பாத்தீங்களா பலம் கொறையுதுன்னு மறுபடி நெட்டுக்கு ஓடுவாங்க.

செய்ய வேண்டியது ரொம்ப சாதாரணம்தான். மதியத்துக்கு மேல காபி, டீ, எனர்ஜி டிரிங்க் வேண்டாம், குடிச்ச கஃபீன்ல பாதி கழியவே சுமாரா 5 மணி நேரம் ஆகும். தூக்கத்தை சரி பண்ணுங்க. உடற்பயிற்சி விடாதீங்க, திடீர்னு ஏத்தாதீங்க. ஆடுசதையை நீட்டி ஸ்ட்ரெச் பண்ணுங்க. துடிப்பு மொத்தமா நிக்க மாசக்கணக்குல ஆகலாம், சிலருக்கு வருஷக்கணக்குல வந்து வந்து போகும், அதனால நின்னுடுச்சான்னு எண்ணிட்டு இருக்காதீங்க. ஒரே ஒரு கால்ல மட்டும் விடாம துடிக்குது, கூடவே இடுப்புல இருந்து காலுக்கு வலி இறங்குது, மரத்துப்போகுதுன்னா அது முதுகெலும்பு கிட்ட நரம்பு அழுந்துறதா இருக்கலாம், அப்ப காட்டணும். பலம் குறையிற மாதிரி நிஜமாவே தெரிஞ்சா தள்ளிப் போடாம நரம்பு டாக்டர்கிட்ட போங்க, அவர் தேவைன்னா ஈஎம்ஜி, அதாவது சதையோட மின் சிக்னலைப் பதியிற டெஸ்ட், எடுப்பார். பயத்தைத் தீத்துக்குறதுக்காக நீங்களே போய் ஈஎம்ஜி எடுக்க வேண்டாம். அது ஊசி குத்தி எடுக்குற டெஸ்ட், இன்னைக்கு நார்மல்னு வந்தா அடுத்த மாசம் திரும்ப எடுக்கணும்னு தோணும்.

கேள்வி: வயசு 44. சாயங்காலம் ஆனா கால் குடைச்சல் ஆரம்பிக்கும். வலின்னும் சொல்ல முடியல, அரிப்புன்னும் சொல்ல முடியல, எலும்புக்குள்ள ஏதோ ஊருது. நைட் பஸ்ல போறது நரகம். எந்திரிச்சு நடந்தா சரியாயிடும், வந்து படுத்த அஞ்சாவது நிமிஷம் மறுபடி. வீட்டுல எல்லாரும் மனக்கவலைன்னு சொல்றாங்க. ரத்தம் பாத்து ஹீமோகுளோபின் நல்லாருக்குன்னு அனுப்பிட்டாங்க. எங்க அம்மாவும் ராத்திரியெல்லாம் காலை அமுக்கி விடச் சொல்லுவாங்க, அது ஞாபகம் வருது. இதுக்கு மருந்தே இல்லையா?

இருக்கும்மா. உங்க கடிதமே பாதி டயக்னோசிஸ். காலை அசைச்சே ஆகணும்ங்கிற உந்துதல், சும்மா இருந்தா வர்றது, நடந்தா போறது, சாயங்காலமும் ராத்திரியும் ஜாஸ்தியாறது, இந்த நாலும் சேந்து இருந்து, வேற காரணம் எதுவும் இல்லைன்னா அது ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் சிண்ட்ரோம். இதைக் கண்டுபிடிக்க ஸ்கேன் கிடையாது, ரத்த டெஸ்ட்டும் கிடையாது, நோயாளி சொல்றதைக் காது குடுத்துக் கேக்குறதுதான் டெஸ்ட். அதனாலதான் தவறவும் விடுறாங்க. மனக்கவலைன்னு சொல்றவங்களுக்கு இதைப் படிச்சுக் காட்டுங்க: இங்கிலாந்துல தாமஸ் வில்லிஸ்னு ஒரு டாக்டர் 1672லயே இதை எழுதி வெச்சிருக்கார், ஸ்வீடன்ல கார்ல் எக்போம் 1945ல விரிவா ஆராய்ஞ்சு அந்தப் பேரையும் வெச்சார். அம்மாவுக்கு இருந்துச்சுன்னு எழுதினீங்களே, அதுவும் சும்மா இல்ல, இது குடும்பத்துல வர்றது, 2007ல இதுக்கு சம்பந்தப்பட்ட ஜீன்களையும் கண்டுபிடிச்சுட்டாங்க. பெண்களுக்கு ஆண்களை விட ஏறக்குறைய ரெண்டு மடங்கு அதிகம்.

இப்ப ஹீமோகுளோபின் விஷயம், இதுலதான் நிறைய பேர் மாட்டிக்கிறாங்க. ஹீமோகுளோபின்ங்கிறது பர்ஸ்ல இருக்குற காசு, ஃபெரிட்டின்ங்கிறது பேங்க்ல இருக்குறது, அதாவது உடம்பு சேத்து வெச்சிருக்குற இரும்போட கணக்கு. பேங்க் காலியான பிறகும் பர்ஸ்ல கொஞ்ச நாள் காசு இருக்கும். இந்தக் குடைச்சலுக்கு முக்கியமான காரணம் மூளையில இரும்புச்சத்து கொறையிறதும், அதனால டோபமைன்ங்கிற ரசாயனத்தோட வேலை தடுமாறுறதும்தான், அதனால நாம பாக்க வேண்டியது ஃபெரிட்டின். கூடவே ரத்தத்துல இரும்பு எவ்ளோ ஓடுதுன்னு காட்டுற டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷனும் பாக்கச் சொல்லுங்க. காலையில வெறும் வயித்துல ரத்தம் குடுங்க, காய்ச்சல் சளி இருக்கும்போது வேண்டாம், அப்ப ஃபெரிட்டின் பொய்யா ஏறிக் காட்டும்.

ரிப்போர்ட் வந்ததும் லேப் காகிதத்துல நார்மல்னு போட்டிருக்கான்னு மட்டும் பாத்துட்டு மடிச்சு வெச்சிடாதீங்க. 15, 20 இருந்தாக்கூட பல லேப்ல நார்மல்னுதான் வரும். கால் குடைச்சல் இருக்குறவங்களுக்கு கணக்கு வேற, ஒரு மில்லிலிட்டருக்கு 75 நானோகிராம் வரைக்கும் இருந்தாலே இரும்பு மாத்திரை குடுத்துப் பாக்கலாம்னு இந்த நோய்க்கான வழிகாட்டுதல் சொல்லுது. மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்தா ஒவ்வொரு மாத்திரைல இருந்தும் உடம்பு இன்னும் நல்லா உறிஞ்சுது. வைட்டமின் சி கூட எடுக்கலாம், காபி டீயோட எடுக்கக்கூடாது, ஒரு மணி நேரமாவது தள்ளி வைங்க. மலம் கறுப்பா போகும், பயப்படாதீங்க, மலச்சிக்கல் வந்தா டாக்டர்கிட்ட சொல்லி மாத்திரையை மாத்திக்கலாம். பலன் தெரிய மாசங்கள் ஆகும். வயிறு ஏத்துக்கலன்னா ஊசி வழியா ஏத்துற இரும்பும் இருக்கு. ஆனா டெஸ்ட் பாக்காம இரும்பு மாத்திரையை வாங்கி முழுங்காதீங்க, சிலருக்கு உடம்புல இரும்பு தேவைக்கு மேல சேர்ற நோய் இருக்கும். இன்னொண்ணு, ஃபெரிட்டின் கொறைஞ்சிருந்தா எங்க போச்சுன்னும் கேக்கணும். உங்க வயசுல மாதவிடாய் அதிகமா போகுதான்னு பாக்கணும், அது இல்லைன்னா குடல்ல எங்கயாவது கசிவு இருக்கான்னு பாக்கணும்.

வீட்டு மருந்து டப்பாவையும் ஒரு தடவை கொட்டிப் பாருங்க. சளிக்கு எடுக்குற, தூக்கம் வர வைக்கிற பழைய அலர்ஜி மாத்திரைகள், குறிப்பா டைஃபென்ஹைட்ரமின், வாந்திக்கு குடுக்குற மெட்டோகுளோப்ரமைடு, புரோகுளோர்பெரசின், மன அழுத்தத்துக்கு குடுக்குற பல மாத்திரைகள், இதெல்லாம் குடைச்சலைக் கிளப்பி விடும். கால் குடையுது தூக்கம் வரலன்னு ஒரு சளி மாத்திரையைப் போட்டுட்டு படுக்குறவங்க இருக்காங்க, அவங்களுக்கு அன்னைக்கு ராத்திரி இன்னும் மோசம். ஆனா மன அழுத்த மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க, எழுதிக் குடுத்தவர்கிட்ட விஷயத்தைச் சொன்னா மாத்து வழி யோசிப்பார்.

குடைச்சல் வந்த நேரத்துக்கு நடங்க, ஸ்ட்ரெச் பண்ணுங்க, அமுக்கி விடுங்க, சூடு ஒத்துக்குறவங்களுக்கு சூடு, ஜில்லுன்னு இருந்தா பிடிக்கிறவங்களுக்கு ஜில்லு. உக்காந்தே ஆகணும்னா மூளைக்கு வேலை குடுங்க, குறுக்கெழுத்து, கணக்குப் புதிர், பின்னல் வேலை மாதிரி கவனம் இழுக்குற வேலை செஞ்சா குடைச்சல் அடங்குதுன்னு நிறைய பேர் சொல்றாங்க, சும்மா டிவி பாத்தா அடங்காது. மது, சிகரெட், ராத்திரி காபி மூணும் எதிரி. பகல்ல மிதமான உடற்பயிற்சி நல்லது, ராத்திரி லேட்டா கடுமையா பண்ணா எதிர்விளைவு.

இதுக்கும் அடங்காம வாரத்துல பல ராத்திரி கெட்டுப்போச்சுன்னாதான் மாத்திரை. முன்னாடியெல்லாம் பிராமிபெக்சால், ரோபினிரோல்னு டோபமைன் மாத்திரைகளைத்தான் முதல்ல எழுதுவாங்க, போட்ட அன்னைக்கே அற்புதமா கேக்கும். பிரச்சனை வருஷம் போகப்போக வரும். ராத்திரி 10 மணிக்கு வந்த குடைச்சல் 6 மணிக்கு வரும், அப்புறம் மதியம் வரும், கால்ல இருந்தது கைக்கும் ஏறும், டோஸை ஏத்த ஏத்த இன்னும் மோசமாகும். சிலருக்கு சூதாட்டம், கண்டபடி செலவுன்னு அடக்க முடியாத பழக்கம்கூட இந்த மாத்திரையால வந்திருக்கு. அதனால அமெரிக்க தூக்க மருத்துவ அகாடமி 2025ல போட்ட வழிகாட்டுதல்ல இவைகளை வழக்கமா குடுக்க வேண்டாம்னும், இரும்பையும் கபாபென்டின், ப்ரீகாபலின் மாதிரி மாத்திரைகளையும் முன்னாடி வைக்கணும்னும் சொல்லியிருக்காங்க. ஏற்கெனவே டோபமைன் மாத்திரை எடுக்குறவங்க இதைப் படிச்சுட்டு இன்னைக்கு ராத்திரியே நிறுத்திடாதீங்க, திடீர்னு நிறுத்தினா குடைச்சல் பயங்கரமா திரும்பும், டாக்டர் துணையோட மெதுவா இறக்கணும்.

கேள்வி: என் மனைவி தூக்கத்துல நிமிஷத்துக்கு ரெண்டு தடவை என்னை உதைக்கிறாங்க. காலையில கேட்டா எனக்கு எதுவுமே தெரியாதுங்கிறாங்க. நிஜமா தெரியாதா, இல்ல பழைய கோவமா?

நிஜமாவே தெரியாது சார், நம்புங்க. நிமிஷத்துக்கு ரெண்டு தடவைன்னு நீங்க கணக்கு பாத்ததே பதில் சொல்லிடுச்சு. தூக்கத்துல சுமாரா 20ல இருந்து 40 செகண்டுக்கு ஒரு தடவை கட்டைவிரல் மேல வளைஞ்சு, கணுக்கால் மடங்கி, சில சமயம் முட்டியும் மடங்கி கால் வெட்டும், அரை செகண்டுல இருந்து சில செகண்டு வரைக்கும் இருக்கும், மறுபடி அதே தாளம். இதுக்கு தூக்கத்துல சீரான இடைவெளியில வர்ற கால் அசைவு, அதாவது பீரியாடிக் லிம்ப் மூவ்மென்ட்னு பேர். கால் குடைச்சல் இருக்குறவங்கள்ல பத்துல எட்டு பேருக்கு இதுவும் இருக்கும், ஆனா இது இருக்குற எல்லாருக்கும் குடைச்சல் இருக்காது. வயசாக ஆக சாதாரணமாவே கூடும்.

அவங்க காலையில ஃப்ரெஷ்ஷா எந்திரிக்கிறாங்கன்னா வைத்தியம் அவங்களுக்கு வேண்டாம், உங்களுக்குத்தான் தனிப் போர்வையும் கொஞ்சம் இடைவெளியும் வேணும். பகல்ல அசந்து தூங்குறாங்க, தலைவலியோட எந்திரிக்கிறாங்க, சத்தமா குறட்டை விட்டு நடுவுல மூச்சு நின்னு நின்னு வருதுன்னா அது வேற கதை, தூக்கத்துல மூச்சு தடைபடுற ஸ்லீப் அப்னியாவுலயும் கால் இப்படி உதைக்கும். அப்ப ராத்திரி முழுக்க ஒயர் மாட்டிப் பாக்குற ஸ்லீப் ஸ்டடி பண்ணணும். ஃபெரிட்டின் இவங்களுக்கும் பாக்கலாம்.

கேள்வி: நான் காலேஜ் படிக்கிறேன். கண்ணு சொக்குற நேரத்துல மாடிப்படியில தவறி விழுற மாதிரி இருந்து உடம்பு தூக்கிவாரிப் போடுது, கால் படார்னு உதறுது. வலிப்பு நோயா?

இல்ல தம்பி. விழிப்புல இருந்து தூக்கத்துக்கு இறங்குற அந்த நேரத்துல வர்ற உதறல் இது, மூணுல ரெண்டு பேருக்கு வாழ்க்கையில எப்பவாவது வந்திருக்கும். பரீட்சை நேரம், கண்முழிப்பு, காபி இதெல்லாம் சேந்தா அடிக்கடி வரும். ஒரு உதறல், முழிப்பு, அவ்ளோதான். நாக்கைக் கடிச்சுக்கிட்டது, படுக்கையில சிறுநீர் போனது, எந்திரிச்ச பிறகு வெகு நேரம் குழப்பமா இருந்தது, இல்ல காலையில எந்திரிச்சதும் கை வெட்டி டம்ளர் கீழ விழுறது, இதுல எதுவாவது இருந்தா மட்டும் நரம்பு டாக்டரைப் பாருங்க.

கேள்வி: வயல்ல பூச்சிமருந்து அடிச்சுட்டு வந்த அன்னைக்கு எங்க அண்ணனுக்கு தொடை, முகம்னு உடம்பெல்லாம் சதை துடிச்சுது, ஒரே வேர்வை, வாயில எச்சி ஊறிட்டே இருந்துச்சு. குளிச்சுட்டு படுத்தார், மறுநாள் சரியாயிடுச்சு. இதைப் பெருசா எடுத்துக்கணுமா?

கண்டிப்பா எடுத்துக்கணும். இந்தப் பக்கத்துல மத்த எல்லாத்துக்கும் நிதானமா இருங்கன்னு சொல்றேன், இதுக்கு மட்டும் ஓடுங்கன்னு சொல்றேன். ஆர்கனோபாஸ்பேட் வகை பூச்சிமருந்து தோல் வழியாவும் மூச்சு வழியாவும் உள்ள போய், நரம்பும் சதையும் சேர்ற இடத்துல அசிட்டைல்கோலின்ங்கிற ரசாயனத்தைக் கரைக்கிற நொதியை முடக்கிடும். அது தேங்கித் தேங்கி சதையைத் துடிக்க வைக்கும், வேர்வை, எச்சில், கண்ணுல தண்ணி, வாந்தி வரும், கண்ணு பாப்பா சின்னதாகும், கடைசியில மூச்சு விடுற சதையே ஓஞ்சு போகும். இன்னொரு தடவை இப்படி ஆனா துணியை உடனே கழட்டிட்டு, சோப்பு போட்டு உடம்பைக் கழுவி, மருந்து டப்பாவோட லேபிளை எடுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க, படுத்துப் பாக்கலாம்னு விடாதீங்க. கழுவி விடுறவங்களும் கையுறை போட்டுக்கணும். முறிவு மருந்து இருக்கு, நேரத்துக்குக் குடுத்தா காப்பாத்தும்.

கேள்வி: ஏழு மாச கர்ப்பம். ராத்திரி கால் குடைச்சலும் அசைக்கணும்ங்கிற தவிப்பும் தாங்க முடியல. குழந்தைக்கு ஏதாவது ஆகுமா? பிரசவத்துக்கு அப்புறமும் இப்படியேதான் இருக்குமா?

கடைசி மூணு மாசம்தான் இதுக்கு உச்சகட்டம், நிறைய கர்ப்பிணிகளுக்கு வருது. பிரசவம் முடிஞ்ச சில வாரத்துல பெரும்பாலானவங்களுக்கு தானா போயிடும், ஆனா அடுத்த கர்ப்பத்துல திரும்ப எட்டிப் பாக்கலாம். குடைச்சல் தானா குழந்தையை ஒண்ணும் செய்யாது, உங்க தூக்கத்தைத்தான் திங்குது. உங்க டாக்டர்கிட்ட ஃபெரிட்டின் பாக்கச் சொல்லுங்க, இந்த நேரத்துல குழந்தை இரும்பை இழுத்துக்கிறதால கையிருப்பு வேகமா கொறையும். நடை, ஸ்ட்ரெச், அமுக்கி விடுறது எல்லாம் செய்யலாம். மேல சொன்ன மாத்திரை பேர் எதையும் கடையில கேட்டு வாங்காதீங்க. ஒரே ஒரு கால் மட்டும் வீங்கி, ஆடுசதை வலிச்சு, தொட்டா சூடா இருந்தா அது குடைச்சல் இல்ல, ரத்தக்குழாய்ல ரத்தம் உறைஞ்சிருக்கலாம், கர்ப்பத்துல அதுக்கு வாய்ப்பு அதிகம், அன்னைக்கே போய் காட்டணும். அந்தக் காலை அமுக்கி விடவும் கூடாது.

கேள்வி: வயசு 68. நடுராத்திரி ஆடுசதை சுண்டி இழுத்து கல்லு மாதிரி இறுகி உயிர் போகுது. மக்னீசியம் மாத்திரை சாப்பிடுங்கன்னு ஒருத்தர், குயினைன்னு ஒருத்தர். எதை எடுக்கலாம்?

இது துடிப்பு இல்ல, குரக்களி. இழுத்த உடனே முட்டியை நீட்டி பாதத்தை கையால உங்க பக்கமா இழுத்துப் பிடிங்க, இல்ல எந்திரிச்சு பாதத்தை முழுசா தரையில ஊன்றி நில்லுங்க, விட்டுடும். படுக்குறதுக்கு முன்னாடி தினமும் ஆடுசதையையும் தொடைப் பின்பக்கத்தையும் சில நிமிஷம் ஸ்ட்ரெச் பண்ணுங்க. மக்னீசியம் விக்கிற அளவுக்கு வேலை செய்யல, வயசானவங்களுக்கு வர்ற குரக்களிக்கு அது பெருசா உதவாதுன்னு பல ஆய்வுகளைச் சேத்துப் பாத்து 2020ல காக்ரேன் அமைப்பு சொல்லிடுச்சு. ரத்தத்துல மக்னீசியம் நிஜமா கொறைஞ்சிருந்தா அது தனி. மலேரியா மருந்தான குயினைன் வேண்டவே வேண்டாம், ரத்தத்தட்டுகளைத் திடீர்னு கொறைச்சும் இதயத் துடிப்பைக் கெடுத்தும் உயிரே போயிருக்கு, இதுக்காக அதை எடுக்காதீங்கன்னு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ பலதடவை எச்சரிச்சிருக்கு. பிரஷருக்கு நீர் பிரியிற மாத்திரை எடுக்குறீங்களா, கொழுப்புக்கு ஸ்டாட்டின் எடுக்குறீங்களான்னு டாக்டர்கிட்ட சொல்லுங்க. ராத்திரி இல்லாம நடக்கும்போதே ஆடுசதை பிடிச்சு, நின்னா விடுதுன்னா அது காலுக்குப் போற ரத்தக்குழாய் அடைப்பா இருக்கலாம், அதை குரக்களின்னு விட்டுடாதீங்க.

கேள்வி: அப்பாவுக்கு 72. உக்காந்திருக்கும்போது வலது கால் மட்டும் தாளம் போடுற மாதிரி ஆடிட்டே இருக்கு. காலை நகத்தினா நிக்குது. வயசாச்சு அதான்னு சொல்றார்.

வயசுன்னு விட வேண்டாம். ஒரு பக்கம், சும்மா இருக்கும்போது, ஒரே சீரான ஆட்டம், அசைச்சா நிக்குது, இது பார்க்கின்சன்ங்கிற மூளை நரம்பு நோயோட நடுக்கமான்னு பாக்கணும், அது செகண்டுக்கு 4ல இருந்து 6 தடவை ஆடும். பெரும்பாலும் கையிலதான் ஆரம்பிக்கும், சிலருக்குக் கால்ல. நடக்கும்போது அந்தப் பக்கத்துக் கை வீசாம தொங்குதா, கையெழுத்து சின்னதாயிட்டே போகுதா, பட்டன் போட நேரமாகுதா, வாசனை தெரியலையான்னு கவனிங்க. இதுவும் டாக்டர் உக்கார வெச்சு, நடக்க வெச்சுப் பாத்து முடிவு பண்றதுதான்.

ஆனா அதுக்கு முன்னாடி அவர் சாப்பிடுற மாத்திரை எல்லாத்தையும் ஒரு கவர்ல போட்டு எடுத்துட்டுப் போங்க. தலைசுத்தலுக்கு குடுக்குற சின்னரிசின், ஒற்றைத் தலைவலிக்கும் குடுக்குற ஃப்ளூனரிசின், வாந்திக்கு குடுக்குற மெட்டோகுளோப்ரமைடு, சில மனநோய் மாத்திரைகள், இவை வயசானவங்களுக்கு அச்சு அசலா பார்க்கின்சன் மாதிரியே நடுக்கமும் மந்தமும் கொண்டு வரும். எப்பவோ ஒரு தடவை தலை சுத்துச்சுன்னு எழுதிக் குடுத்த மாத்திரையை வருஷக்கணக்குல விடாம சாப்பிடுற பெரியவங்க நிறைய. நிறுத்தினா பல பேருக்கு சில மாசத்துல சரியாகும். கால் குடைச்சல் இருந்தா பின்னாடி பார்க்கின்சன் வருமான்னு வேற ஒரு வாசகர் கேட்டிருந்தார்: ரெண்டுக்கும் சில மாத்திரை ஒண்ணா இருக்குறதால அப்படித் தோணுது, குடைச்சல்ங்கிறது பார்க்கின்சனோட ஆரம்பம் இல்ல.

கேள்வி: டாக்டர் முன்னாடி போய் உக்காந்தா கால் துடிக்கவே மாட்டேங்குது! என்ன செய்ய?

போன் எதுக்கு இருக்கு? துடிக்கும்போது நல்ல வெளிச்சத்துல, முட்டியில இருந்து பாதம் வரைக்கும் தெரியிற மாதிரி ஒரு நிமிஷ வீடியோ எடுங்க. தூக்கத்துல உதைக்கிறதுன்னா பக்கத்துல படுக்குறவங்களை எடுக்கச் சொல்லுங்க. எத்தனை மணிக்கு வருது, நடந்தா போகுதா, அசைக்கணும்னு தோணுதா இல்ல தானா துடிக்குதா, அன்னைக்கு என்ன மாத்திரை, எத்தனை காபின்னு ஒரு வாரம் மட்டும் குறிச்சு வைங்க, அதுக்கு மேல குறிச்சா அதுவே ஒரு வியாதியாயிடும். அந்த வீடியோவையும் குறிப்பையும் பழைய ரத்த ரிப்போர்ட்டையும் டாக்டர் மேஜையில வெச்சுட்டு, பேன்ட்டை முட்டிக்கு மேல தூக்கி ரெண்டு காலையும் காட்டுங்க, பேன்ட்டுக்கு மேலயே பாத்து அனுப்பினா சதை மெலிஞ்சிருக்கான்னு யாருக்கும் தெரியாது.